அடைப்பான் இல்லாத மாவட்டம்

ஜூராகானுக்கு விருது கிடைத்திருக்கிறது என்று எனக்குச் சொன்னவள் எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிற பெண். நல்ல சேதி கொண்டு வருகிறவளுக்குக் கையில் ஏதாவது வைத்தால்தான் வாயைத் திறப்பாள், அது எங்கள் பக்கத்து வழக்கம். வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் கிடந்த புது ஸ்கார்ஃபைக் கழற்றிக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் தெரிந்தது, சேதி எனக்கு வந்ததல்ல, பக்கத்து அறைக்காரிக்கு வந்தது என்று. ஸ்கார்ஃப் போனது போனதுதான்.

என் பெயர் புருல். மாவட்டத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேலாக நுண்ணோக்கியில் கண்ணை வைத்து உட்கார்ந்திருப்பவள். ஜூராகான் அங்கே தலைமைத் தொற்றுநோய் மருத்துவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிடுவேன். கோபம் வந்தால் மனதுக்குள் கூப்பிட வேறு பெயர்களும் வைத்திருக்கிறேன்.

விருது எதற்கு என்றால், பத்து வருடமாக எங்கள் மாவட்டத்தில் ஒரு மனிதருக்கும் அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ், வரவில்லை. எங்கள் தெற்கு மலைகளில் இது சின்ன விஷயமே இல்லை. இங்கே மண்ணிலேயே அந்த நோய் படுத்திருக்கிறது. கோடையில் எங்கேயாவது ஒரு மாடு தள்ளாடி விழும், அதை அறுத்தவன் கையில் கருப்புப் பொருக்கோடு புண் வரும், சில நேரம் உயிரும் போகும். எங்கள் பக்கத்து மாவட்டத்தில் வருடம் தவறாமல் வருகிறது. அங்கே மருத்துவராக இருக்கும் அப்திகெரிம் ஜூராகானோடு ஒன்றாகப் படித்தவர், பாவம், ஒவ்வொரு மாகாணக் கூட்டத்திலும் எழுந்து நின்று திட்டு வாங்குவார். "அடுத்த வீட்டுக்காரியப் பாத்துக் கத்துக்கோங்க" என்று அதிகாரிகள் அவரிடம் சொல்வார்கள். அடுத்த வீட்டுக்காரி முன்வரிசையில் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெட்கம் என்று நினைப்பீர்கள். நான் பக்கத்தில் இருப்பவள், எனக்குத் தெரியும், அது வெட்கமே இல்லை.

சும்மா கிடைத்த பெயரும் அல்ல அது, அதையும் சொல்ல வேண்டும். தடுப்பூசி போடாத மாட்டுக்காரனின் வீட்டு வாசலில் பனியில் நின்று சண்டை போட்டவள் அவள். மேய்ச்சல் நிலத்துக்குக் குதிரை மேல் போய்க் கூடாரம் கூடாரமாக ஏறி இறங்கினாள். இடுப்பு வலியை அங்கேதான் வாங்கினாள். தலைநகரில் மாநாடு நடந்தால் "அடைப்பான் இல்லாத மாவட்டம்" என்று அவள் பேச்சுக்குத் தனி நேரம் ஒதுக்குவார்கள். எங்கள் மக்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். நம்ம ஜூராகான், நம்ம மாவட்டம் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வார்கள். பாராட்டுப் பத்திரத்தில் ஆய்வுக்கூடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பத்து வருடமாக எதையுமே கண்டுபிடிக்காத ஆய்வுக்கூடத்தை எப்படிப் பாராட்டுவார்கள்?

வெள்ளிக்கிழமை மாவட்ட அரங்கில் பதக்கம் குத்தினார்கள். மறுநாள் மதியம் அவள் பிறந்த ஊரான கோக்-சாயில் விருந்து. விருந்து வைத்தவன் அவள் தம்பி எர்கேஷ். தோட்டத்தில் வாதுமை மரத்தடியில் நீள மேசைகள், ஒரு குதிரையையே அறுத்திருந்தார்கள், ஊர் முழுக்க வந்திருந்தது. தலைநகரிலிருந்து பதக்கம் கொண்டுவந்த அதிகாரியைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். ஜூராகானுக்குப் பொன்னூல் வேலை செய்த வெல்வெட் அங்கியைப் போர்த்தினார்கள். பதக்கத்தைக் கழற்றி ஒரு கிண்ணம் குதிரைப்பாலில் போட்டுக் கழுவினார்கள். வோட்காவில் கழுவுவதுதான் முறை, அவள் குடிப்பதில்லை என்பதால் பாலோடு விட்டார்கள். ஒவ்வொருவராக எழுந்து வாழ்த்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் மாதுமார் பேசும்போது கண் கலங்கிவிட்டான். "எங்க ஊரு பேரு தலைநகர் வரைக்கும் போயிருக்குன்னா அது இந்த அக்காவாலதான். இவங்க பேருக்கு ஒரு தூசி விழ விடமாட்டோம்" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள், நானும்தான்.

எனக்கு முதலில் நெருடியது தேநீர். எங்கள் வீடுகளில் விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றுவது வீட்டு மருமகள். கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவாள், அப்போதுதான் திரும்பத் திரும்ப வாங்கிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அன்று எனக்கு ஒரு பெண் விளிம்பு வரை ஊற்றி நீட்டினாள். யாரடி இவள் என்று நிமிர்ந்து பார்த்தால், மாதுமாரின் மகள். இன்னும் கல்யாணம் ஆகாத பெண், பழக்கமில்லை. எர்கேஷின் மருமகள் சேய்தே எங்கே என்று கேட்டேன். எர்கேஷின் மனைவி என் முகத்தைப் பார்க்காமல், அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றாள்.

இதை யாரிடம் சொல்கிறாள். புருஷன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருக்க, மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவள் சேய்தே. அந்த வீட்டில் இப்படி ஒரு விருந்து இனி எப்போது நடக்கப் போகிறது? இந்த நாளில் மருமகள் தாய்வீட்டுக்குப் போனாள் என்றால் ஊர் சிரிக்கும். சண்டையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் இறைச்சி வந்தது. அக்காவின் விருந்தில் அவளுக்குரிய பங்கைத் தம்பிதான் அறுத்து வைக்க வேண்டும், அது அவனுக்குப் பெருமை. எர்கேஷ் கத்தியை வாங்கித் தன் மைத்துனனிடம் நீட்டிவிட்டான். சட்டைக் கை விரல் வரை இறங்கியிருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற ஜூலை மாதம், ஊரே கைமடித்து உட்கார்ந்திருக்க இவன் மட்டும் கையை மூடிக்கொண்டிருந்தான்.

கை கழுவுகிற சாக்கில் எழுந்து வீட்டுப் பின்பக்கம் போனேன். மெத்தைகளை அடுக்கி வைக்கிற கடைசி அறை வாசலில் ஒரு ஜோடிப் பெண் செருப்பு கிடந்தது. கதவைத் தள்ளினேன்.

சேய்தே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கழுத்தின் இடதுபக்கம் தாடையிலிருந்து நெஞ்சுக்குழி வரை வீங்கி, முகத்தோடு கழுத்து ஒன்றாகிவிட்டிருந்தது. நடுவில் கருப்புப் பொருக்கு, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலியே இல்லக்கா. அதனாலதான் பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு இருந்துட்டேன்" என்றாள். குரல் எங்கோ பானைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. வலிக்காத கரும்புண். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு மூன்று பேரிடம் பார்த்திருக்கிறேன், அதற்கப்புறம் பத்து வருடமாகப் படத்தில் மட்டுமே பார்த்தேன். எந்தப் பரிசோதனையும் எனக்குத் தேவைப்படவில்லை.

திரும்பினால் கதவருகே எர்கேஷ் நிற்கிறான். முகத்தில் ஈயாடவில்லை. கையைக் காட்டு என்றேன். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது, அதற்குள்ளும் அதே கருப்பு, சின்னதாக.

அவன் சொன்னதை நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், எங்கள் ஊர்க்காரர்களுக்கு வராது. ஒரு வாரத்துக்கு முன் மேய்ச்சலிலிருந்து திரும்பிய அவனுடைய கறவை மாடு வாசலிலேயே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டது. தானாகச் செத்தால் இறைச்சி விலக்கப்பட்டதாகிவிடும், நாய்க்குத்தான் போடலாம். அதனால் உயிர் இருக்கும்போதே இறைவன் பெயரைச் சொல்லிக் கத்தி வைத்துவிட்டான். அப்படி அவசரமாக அறுத்தால் அக்கம்பக்கத்தார் வந்து ஆளுக்கொரு பங்கு இறைச்சி எடுத்துக்கொண்டு போவார்கள். மாட்டை இழந்தவன் முழுசாக நஷ்டப்படக் கூடாது என்று செய்கிற உதவி அது. வேண்டாம் என்று சொல்கிறவன் மனிதனே இல்லை. குடலையும் இரைப்பையையும் வாய்க்காலில் வைத்து அலசியவள் சேய்தே. கொசு கடித்த கழுத்தை அந்தக் கையோடு சொறிந்திருக்கிறாள்.

"உன் அக்கா யாருன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? மாடு அப்படி விழுந்தா என்ன பண்ணணும்னு இந்த ஊருக்கே அவங்கதான் பாடம் நடத்தினாங்க" என்றேன்.

"தெரிஞ்சுதான் புருலக்கா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றான். "பதக்கம் அறிவிச்சாச்சு. ஊரைக் கூப்பிட்டாச்சு. அடைப்பான் அவங்க சொந்தத் தம்பி வீட்டுத் தொழுவத்துலயே வந்துச்சுன்னு ஆனா, அவங்க மூஞ்சியில நானே கரியைப் பூசின மாதிரி ஆயிடாதா?"

திங்கட்கிழமை சேய்தேயை அவள் அம்மா ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாகத் திட்டமாம். அந்த ஊர் பக்கத்து மாவட்டம். அங்கே சேர்த்தால் அந்த மாவட்டத்துக் கணக்கில் போகும். ஜூராகானின் பத்து வருடம் பத்து வருடமாகவே இருக்கும். இவ்வளவையும் யோசித்தவன், அந்தப் பெண் திங்கட்கிழமை வரை மூச்சு விடுவாளா என்பதை மட்டும் யோசிக்கவில்லை. பளாரென்று ஒன்று விட்டிருப்பேன். சேய்தே பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் விட்டுவிட்டேன்.

தோட்டத்துக்கு ஓடினேன். ஜூராகான் அங்கி போர்த்தியபடி, அதிகாரி சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். காதருகே குனிந்து மூன்றே வார்த்தையில் சொன்னேன். சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது. உதடு அசையாமல் கேட்டாள்.

"யார் யாருக்குத் தெரியும்?"

இருபது வருடம் ஒரே அடுப்பில் தேநீர் வைத்துக் குடித்தவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியை அவள் வாயிலிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. எப்படி இருக்கிறாள், மூச்சு எப்படி, காய்ச்சல் உண்டா என்று கேட்க வேண்டியவள். வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்றேன். தேநீர் முடியட்டும், அரை மணி நேரம், அதிகாரியை வழியனுப்பிவிட்டு தன் காரிலேயே சேய்தேயை அவள் அம்மா ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று அதே சிரிப்போடு சொன்னாள். தம்பிக்கும் அக்காவுக்கும் ஒரே மூளை போல என்று நினைத்துக்கொண்டேன். அவளைக் குறை சொல்வது எளிது. ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லாதவள். பிள்ளை குட்டி இல்லை. கட்டின வீடு, சேர்த்த சொத்து எல்லாமே அந்த ஒரு பெயர்தான். இருந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"ஒரு தடவ வந்து பாருங்கக்கா. பாத்துட்டு இதையே சொல்லுங்க, நானே கார் ஓட்டிட்டுப் போறேன்" என்றேன்.

வந்தாள். பொன்னூல் அங்கியோடு, பால் காயாத பதக்கத்தோடு அந்த அறைக்குள் குனிந்து நுழைந்தாள். சேய்தேயின் பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்தை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினாள். காதை அவள் வாயருகே கொண்டுபோய் மூச்சைக் கேட்டாள். உள்ளே இழுக்கும்போது விசில் சத்தம் வந்தது, நின்ற இடத்திலிருந்து எனக்கே கேட்டது.

சேய்தே அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். "விருந்து முடிஞ்சிடுச்சா அத்தை? முடியற வரைக்கும் இங்கயே இருக்கேன்னு நான்தான் மாமாகிட்ட சொன்னேன். அவரைத் திட்டாதீங்க" என்றாள்.

ஜூராகான் அழுது நான் பார்த்ததில்லை. அவள் அம்மா இறந்தபோதுகூடக் கல்லாக உட்கார்ந்திருந்தவள். அன்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நீண்ட நேரம் அல்ல. மூக்கைப் பொன்னூல் அங்கியின் கையிலேயே துடைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, தோல் அடைப்பான், கழுத்து வீக்கம், மூச்சுத் தடை என்றாள். எந்த ஊர் என்று கேட்டிருப்பார்கள். கோக்-சாய் என்றாள். எந்த மாவட்டம் என்று மறுபடி கேட்டிருப்பார்கள் போல, நம் மாவட்டம்தான், நம் மாவட்டம்தான் என்று இரண்டு தரம் சொன்னாள்.

நிலையத்துக் காரில் மருந்துப்பெட்டி இருந்தது. முதல் ஊசியை நான் போட்டேன். சேய்தே பிழைத்தாளா என்று கேட்பீர்கள், மனதை வதைக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிழைத்தாள். மாகாண ஆஸ்பத்திரியில் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, கழுத்தில் பெரிய தழும்போடு இலையுதிர்காலத்தில் வீடு திரும்பினாள். திங்கட்கிழமை என்றால் நேராகக் குழிக்குத்தான் கொண்டுபோயிருப்பார்கள் என்று அங்கே மருத்துவர் எங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

அப்போது அதெல்லாம் தெரியாது. ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தால், ஜூராகான் தம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யார் யார் பங்கு எடுத்தார்கள் என்று கேட்கிறாள். அந்த இறைச்சி இன்னும் எத்தனை வீட்டு உறைபெட்டியில் கிடக்கிறதோ, இன்னும் யார் கையிலெல்லாம் புண்ணோ. எர்கேஷ் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு உதவி பண்ண வந்தவர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்றான். எவ்வளவு கேட்டும் அதே பதில். கடைசியில் அவளும் கத்தினாள், அவனும் கத்தினான்.

"எல்லாரையும் கேக்கறியே, உன்னைக் கேட்டியா? கூடப்பிறந்தவளுக்குப் பங்கு அனுப்பாம நான் திம்பேனா? முன்னந்தொடை யாருக்கு வந்துச்சு?"

மாடு அறுத்த வாரம்தான் ஜூராகான் அலுவலகத்துக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஆவியில் வெந்த இறைச்சிக் கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தாள். தம்பி அனுப்பின இறைச்சி, நானே அரிந்து செய்தேன் என்றாள். விரலை நக்கிக்கொண்டு தின்றவர்களில் நான்தான் முதல் ஆள். மாவட்டத்தின் தலைமைத் தொற்றுநோய் மருத்துவர், ஆய்வுக்கூட மருத்துவர், இரண்டு பேரும் அடைப்பான் மாட்டைத் தின்று ஏப்பம் விட்டிருக்கிறோம். வெந்தது என்பதால் எங்கள் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பச்சை இறைச்சியை அரிந்தது அவள் கை. இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். சுத்தமாகத்தான் இருந்தது, அதிர்ஷ்டம். அனுப்பும்போது எந்த மாடு என்று ஏன் கேட்கவில்லை என்று நான் அவளைக் கேட்கவில்லை. தம்பி அனுப்பினதை யாராவது விசாரிப்பார்களா?

தோட்டத்தில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தவனை நிறுத்தச் சொன்னாள். மேசைக்கு முன்னால் போய் நின்றாள். வாழ்த்துக்கு நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து எல்லோரும் கிண்ணங்களைக் கையில் எடுத்தார்கள்.

எதையும் பூசி மெழுகவில்லை அவள். இந்த வீட்டு மருமகளுக்கு அடைப்பான், என் தம்பிக்கும் அடைப்பான், வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றாள். போன வாரம் இங்கே அறுத்த மாட்டில் பங்கு எடுத்தவர்கள், அறுத்தவர்கள், அலசியவர்கள், அரிந்தவர்கள் எல்லோரும் கை தூக்க வேண்டும், யாரையும் தண்டிக்கப் போவதில்லை, மருந்து தரத்தான் கேட்கிறேன் என்றாள்.

ஒரு கைகூட எழவில்லை.

மறுபடி சொன்னாள், குரலை உயர்த்தி. ஒருவரும் அசையவில்லை. பெண்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் தலைநகர் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் மெல்ல எழுந்து, மிகவும் பணிவாக, உட்காருங்கள் மருத்துவரே, உணர்ச்சிவசப்பட்டிருக்கிறீர்கள், முறைப்படி திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வந்த இடத்தில் வம்பு வேண்டாமே என்று பார்க்கிற சாதாரண ஆள்.

அப்புறம் மாதுமார் எழுந்தான். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்துப் பேசினான். "எங்க ஊருல அப்படி ஒண்ணும் கிடையாதுங்க. எங்க அக்கா ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க. பத்து வருஷமா ஒண்ணும் இல்ல, இப்பவும் இல்ல." சொல்லிவிட்டு அவளிடம் திரும்பினான். "உக்காருங்கக்கா. இன்னிக்கு உங்க நாள்."

கை தட்டினார்கள். ஐயோ, அந்தக் கைதட்டல். பொய் சொல்கிற முகம் ஒன்றுகூட இல்லை அங்கே, எல்லாம் பாசம். எவனோ எங்கள் பெண்ணின் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறான், விடமாட்டோம் என்கிற முகம். உறைபெட்டியில் நோயை வைத்துக்கொண்டு அவளுக்காகக் கை தட்டினார்கள். எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை.

ஜூராகான் கைதட்டல் ஓயும் வரை நின்றாள். பிறகு பொன்னூல் அங்கியின் கையைத் தோள் வரை சுருட்டிவிட்டு, தன் வலது கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தூக்குவது போல நேராக.

"நான் எடுத்தேன். முன்னந்தொடை. இந்தக் கையாலதான் அரிஞ்சேன்" என்றாள். "அடைப்பான் என் வீட்டுக்குள்ள இருந்துச்சு, எனக்குத் தெரியல. உங்க வீட்டுல இருந்தா மட்டும் எனக்கு எப்படித் தெரியும்? சேய்தேக்கு இருபத்திரண்டு வயசு. என் பேருக்காக அவ அந்த அறையில மூச்சை அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தா. இன்னொருத்தி அப்படி உக்காந்திருந்தா, எனக்கு இந்தப் பேரு வேணாம்."

நானும் கையைத் தூக்கினேன். தின்றவர்களும் சேர்த்திதானே. நான் ஏன் தூக்குகிறேன் என்று மேசையில் யாருக்கும் புரிந்திருக்காது, இருந்தும் தூக்கினேன். எர்கேஷ் வீட்டுப் படியில் நின்றிருந்தான். துணி சுற்றிய கட்டைவிரலோடு அவன் கையும் மேலே போனது. கொஞ்ச நேரம் நாங்கள் மூன்று பேர்தான், பைத்தியங்கள் மாதிரி. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மாதுமாரின் மகள் கூஜாவைக் கீழே வைத்தாள். தன் அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். கையைத் தூக்கினாள்.

அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்தன. ஒரு பெண் இடது கையைத் தூக்கினாள், வலது கையை மேசைக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள். அதிகாரி உட்கார்ந்துவிட்டார்.

மாதுமார் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தான். மகளைப் பார்த்தான், ஜூராகானைப் பார்த்தான். கையைப் பாதி வரை தூக்கி, அங்கேயே நிறுத்தி, உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறவன் போலத் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அக்கா, இந்த மாட்டுக்கு மட்டுமா? இல்ல, போன வருஷம் என் வீட்டு மாட்டுக்கும் சேர்த்தா?"

ஜூராகானின் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்திகெரிம் எழுந்து நின்று திட்டு வாங்கிய கூட்டங்கள் எல்லாம் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன, அவர் கணக்கில் எழுதியவர்களில் எங்கள் ஆட்கள் எத்தனை பேரோ. யாரோ ஒருத்தி, மாதுமாரண்ணே, உங்க மாட்டுக்கு முன்னாடி எங்க மாடு என்றாள். இன்னொருவர் அவளைத் திருத்தினார், அது அதற்கும் முந்தின கோடை என்று.

"எல்லா மாட்டுக்கும்" என்றாள் ஜூராகான். "எனக்குத் தெரியாம இருந்த எல்லா மாட்டுக்கும் கையைத் தூக்குங்க."

அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த மேசைகளிலும் கைகள் எழுந்தன.